மாற்றிக் கட்டிய கம்பி

கணினித் திரையில் நீலக் கோடு முப்பத்தொரு சதவிகிதத்தில் நின்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாடிவீட்டுத் தட்டச்சுக்காரி அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறைத்தால் நகரும் என்றால் அது எப்போதோ நூறைத் தொட்டிருக்கும்.

நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவை அலுவலகம் அனுப்பும். அதைக் கணினியில் இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. இருபது வருடம் செய்த வேலையில் காது கூர்மையாகிவிட்டது. வக்கீல் பேனா மூடியைக் கழற்றுவதும் சாட்சி எச்சில் விழுங்குவதும்கூட அவளுக்குக் கேட்கும். கணவர் இறந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் வீட்டில் கேட்ட மனிதக் குரல்கள் பெரும்பாலும் இவைதான். கடைக்காரரிடம் "ரெண்டு போதும்" என்று சொல்வதோடு அவளுடைய ஒரு நாள் பேச்சு முடிந்துபோவதும் உண்டு.

இந்த நீலக் கோட்டுக்கு அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. மோடத்தை அணைத்து, பத்து எண்ணி, திரும்பப் போட்டாள். வயரை மாற்றினாள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் மோடத்தை அலமாரிக்கும் மேசைக்கும் ஜன்னலுக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டாள். மூன்று மணி நேரம் தேடிவிட்டு அது கையை விரித்தது. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இருந்த அந்தத் தெருவில் கைபேசிக்குச் சிக்னலும் எடுக்காது. சேவை மையத்துக்கு வீட்டுப் போனில் பேசினால், "மோடத்தை ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் ஆறு மாதமாக ஒரே சத்தம். மூன்று சொடுக்கு, நீளமாக ஒரு கரகரப்பு, ஒரு நொடி மௌனம், மறுபடி மூன்று சொடுக்கு. அது அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"அக்கா, இந்த மாசம் மூணு ஃபைல் லேட்" என்றாள் அலுவலக மேற்பார்வையாளர். "இன்னொண்ணு லேட் ஆனா வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

ஐந்தாவது புகாருக்கு லைன்மேன் வந்தார். சுவர்ப் பெட்டியைத் திறந்து, தன் போனை மாட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கேபிள்ல தண்ணி எறங்கியிருக்கும்மா. தெருமுனைப் பெட்டிலேருந்து வர்ற பழைய கேபிள். மாத்தணும்னா எழுதி மேலிடத்துக்குப் போகணும்."

"எத்தன நாளாகும்?"

"நாளா? நீங்க வேற." அவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். போகிறவர்போல் வாசல் வரை போய் நின்றார். "படிக்கட்டுக்குக் கீழ ஒரு சைக்கிள் நிக்குதே, யாருது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"சும்மாதான் நிக்குதா?"

அவளுக்குப் புரிந்தது. எத்தனை லஞ்ச வழக்குகளை எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறாள்! 'அன்பளிப்பாத்தாங்க குடுத்தேன்' என்று குரல் இறங்கும் சாட்சிகளைக் கேட்டு, தனியாக உட்கார்ந்து 'சீ' என்றும் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு உபதேசம் சுலபம். முப்பத்தொரு சதவிகிதத்தில் நிற்கும் கோட்டைப் பார்த்தபடி, "எடுத்துக்குங்க" என்றாள்.

"நல்ல கம்பி மிச்சம் எதுவும் இல்ல. ஒருத்தரோடத எடுத்துதான் உங்களுக்குக் கட்டணும். அத நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க."

யாருடையதை என்ற கேள்வி அவளுக்கு வாய் வரை வந்தது. நமக்கெதற்கு வம்பு என்று விழுங்கிவிட்டாள்.

இருபது நிமிடத்தில் நீலக் கோடு ஒரே ஓட்டமாக ஓடி நூறில் போய் நின்றது. கீழே சைக்கிள் மணி ஒருமுறை ஒலித்தது. இரண்டு வருடமாகக் கேட்காத மணி. யாரோ ஏறிப் போகிறார்கள் என்று ஜன்னல் பக்கம் எழப் பார்த்தாள். ஆனால் ஃபைல் வந்துவிட்டதே! அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் வேலை தாமதமில்லாமல் நடந்தது. வியாழக்கிழமை வர வேண்டிய ஃபைலைப் புதன்கிழமையே முடித்து அனுப்பினாள். மேற்பார்வையாளர் "சூப்பர்க்கா" என்று ஒரு வரி எழுதினாள். அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். ஒரே கட்டடத்தில் நாலு வருடம். படியில் பார்த்தால் தலையசைப்பார்கள். அதற்கு மேல் உறவில்லை. தரை வழியாக வரும் தையல் மிஷின் சத்தத்தை மட்டும் மாடிவீட்டுக்காரிக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, நீங்க நாள் பூரா கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க? எனக்கு ஒரு வீடியோ எறங்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? அஞ்சு மணிக்கு அது அழிஞ்சிடும்."

கீழ்வீடு ஒற்றை அறைதான். வெட்டிய துணிகள், மிஷின், மூலையில் ஒரு பழைய கணினி. அதற்குத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு உறை தைத்திருந்தாள். திரையில் நீலக் கோடு பதினாறு சதவிகிதத்தில் கிடந்தது.

"என் பொண்ணுக்கா. பன்னண்டு வயசு. காது கேக்காது. ஒரு நாள் பயணத் தூரத்துல விடுதிப் பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமை காலைல அவங்க சைகையில பேசறத வீடியோ எடுத்துப் போடுவாங்க. சாயங்காலம் வரைக்கும்தான் இருக்கும், அப்புறம் எடுத்துடுவாங்க. நானும் இங்கேருந்து எடுத்து அனுப்புவேன். இப்போ அதுவும் போறதில்ல."

"போன் பண்ணிக் கேக்கலாமே?" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வார்டன் எடுப்பாங்க. நல்லா இருக்கான்னுவாங்க. அது வார்டன் பேச்சுக்கா. அவ பேச்சு இல்லையே."

தட்டச்சுக்காரி தன் வித்தைகளையெல்லாம் காட்டினாள். அணைத்துப் பத்து எண்ணினாள், வயரை மாற்றினாள், தேவையில்லாததை மூடினாள். தனக்குத் தெரிந்ததை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கோடு பதினேழுக்கு வந்தது. "லைனையும் பாத்துடுவோம்" என்று சொல்லிப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

மூன்று சொடுக்கு. நீளமாக ஒரு கரகரப்பு. ஒரு நொடி மௌனம். மறுபடி மூன்று சொடுக்கு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டது. "எப்போலேருந்து இப்படி?" என்றாள்.

"மூணு வாரமா. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மத்தியானம் பேசிட்டிருக்கும்போதே கட் ஆச்சு. திரும்பி வந்தப்போ இந்தச் சத்தத்தோட வந்துச்சு. லைன்மேன் சைக்கிள்ல வந்து பாத்தாரு. கேபிள் பழசுன்னாரு. ஏதாவது கவனிச்சா வேற கம்பி பாக்கலாம்னாரு." தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். "என்கிட்ட இந்த மிஷின விட்டா என்னக்கா இருக்கு?"

"மோடம் பழசாயிருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டச்சுக்காரி மாடிக்கு வந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாது. லைன்மேன் சொல்லப்போவதில்லை. தானே சொன்னால் நல்ல கம்பி போய்விடும்; அதோடு வேலை போகும்; அப்புறம் இந்த வீட்டில் யார் குரல் கேட்கும்? அவள் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, திங்கட்கிழமைக்கான ஒலிப்பதிவு தானாக இறங்கத் தொடங்கியது. கண்முன்னே பதினேழு வந்தது, ஐம்பது வந்தது, நூறு வந்தது. அவ்வளவு வேகமாகப் போவதை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து படியிறங்கினாள்.

"அந்த லிங்க எழுதிக்கிட்டு மேல வாங்க. மணி நாலே கால் ஆச்சு."

மாடியில் நாலே நிமிடத்தில் வீடியோ இறங்கியது. தட்டச்சுக்காரி பழக்க தோஷத்தில் ஹெட்போனை எடுத்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது, கீழே வைத்தாள்.

சின்னப் பெண். முன்முடியைக் கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்கள். கண் வீங்கியிருந்தது. கைகள் வேகமாகப் பேசின. அறையில் ஒரு சத்தம் இல்லை. இருபது வருடக் காது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

"என்ன சொல்றா?"

"ஏம்மா பேச மாட்டேங்கற, கோவமாங்கறா." தையல்காரியின் குரல் தேய்ந்தது. "போன வாரம் நான் கேட்டேனே, அது நிஜமாங்கறா. நிஜமா, நிஜமான்னு ரெண்டு தடவ கேக்கறா. போன வாரம் என்ன கேட்டான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? அது அழிஞ்சு போச்சே!"

அப்போது தட்டச்சுக்காரி சொல்லிவிட்டாள். சைக்கிளைக் கொடுத்தது, ஒருத்தரோடத எடுத்துத்தான் கட்டணும் என்று லைன்மேன் சொன்னது, யாருடையதென்று தான் கேட்காதது, சற்றுமுன் மோடம் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும். சாட்சிக் கூண்டில் நிற்பவர்களின் குரல் எப்படி இறங்குமோ அப்படியே அவள் குரலும் இறங்கியது. அதை அவளே கேட்டாள்.

தையல்காரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணினியிலிருந்த கேமரா முன்னால் நேராக உட்கார்ந்து, கோபமில்லை, நாளைக்கே வருகிறேன் என்று கையால் பேசினாள். அது போய்ச் சேரும்வரை அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்போ நான் வரேன்."

பதினான்கு படி. ஒவ்வொன்றும் கேட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. தரை வழியாக மிஷின் சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்தை இத்தனை நாளும் துணையாக வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தொலைபேசி அலுவலகத்துக்குப் போனாள். கேபிளை மாற்ற ஒரு மனு, நடந்ததைச் சொல்லி ஒரு புகார் என்று இரண்டும் எழுதி நீட்டினாள்.

பொறியாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, இதுல நீங்களும் மாட்டுவீங்க. வாங்கறது மாதிரி குடுக்கறதும் தப்புதான்."

"தெரியும் சார். அதையும் சேத்துதான் எழுதியிருக்கேன். மொதல்ல அவங்க கம்பிய அவங்களுக்கே கட்டிடுங்க."

அன்று சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள் திரும்ப வந்து நின்றது. லைன்மேன் நடந்தே போனார். மாடியில் நீலக் கோடு ஒன்பது சதவிகிதத்தில் படுத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஃபைல் வேறு ஆளுக்குப் போயிற்று.

புதன்கிழமை காலை தையல்காரி பயணப் பையோடு நேராக மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கம்பியைத் திருப்பிக் கட்டியதையும் கேபிளுக்கு மனு எழுதியதையும் ஃபைல் வேறு ஆளுக்குப் போனதையும் தட்டச்சுக்காரி சொல்ல, நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"என்ன கேட்டான்னு தெரிஞ்சுதுக்கா. பெரிய மனுஷி ஆயிட்டா. பன்னண்டுதானேன்னு நான் ஒண்ணும் சொல்லி வைக்கல, அது என் தப்பு. ரத்தமா போகுது, நான் செத்துப் போயிடுவேனாம்மான்னு கேட்டிருக்கா. என்கிட்டேருந்து பதிலே வரல. அம்மாவே ஒண்ணும் சொல்லலைன்னா நிஜந்தான்னு முடிவு பண்ணிட்டா. யார்கிட்டயும் சொல்லாம, நான் போய்ச் சேர்ற வரைக்கும் ஒம்பது நாள், செத்துடுவோம்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்திருக்கா."

தட்டச்சுக்காரி அழுதாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"லஞ்சம் குடுக்கறவங்க, ஏதோ நம்ம பொருளத்தானே குடுக்கறோம்னு நெனச்சுக்கறாங்கக்கா. நம்ம கையிலேருந்து போறது ஒரு பழைய சைக்கிள்தான். ஆனா நம்ம கைக்கு வர்றது இன்னொருத்தர் வீட்டுலேருந்து புடுங்கினது. அந்த வீட்டுல யார் அழுவாங்கன்னு குடுக்கறவங்களுக்கும் தெரியாது, வாங்கறவங்களுக்கும் தெரியாது. யாருதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் நின்றாள்.

"கேபிள் மனுவுல நானும் கையெழுத்துப் போடறேன். அது வர்ற வரைக்கும் உங்க ஃபைல எங்க வீட்டுல எறக்கிக்குங்க. உங்க வேலை போனா மட்டும் என் பொண்ணோட ஒம்பது நாள் திரும்பி வந்துடப் போகுதா?"

மத்தியானம் தட்டச்சுக்காரி ஒரு பென்டிரைவோடு கீழே இறங்கினாள். கதவு திறந்திருந்தது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "இப்போ நான் எறக்கினா உங்களுக்கு ஏதாவது தடைபடுமா?"

தையல்காரி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு, காலால் ஒரு முக்காலியைக் கணினிப் பக்கம் தள்ளிவிட்டாள்.