வலைக்கு ஒரே பக்கம்

மலாயாவின் அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாமான் கொடுத்ததாகப் பலபேர் பிடிபட்டார்கள். சிலர் அரிசி கொடுத்தார்கள், சிலர் மருந்து. நான் கொடுத்தது டென்னிஸ் பந்து. வேண்டுமென்று கொடுக்கவில்லை. அடித்தேன், போய்விட்டது.

அப்போது நான் ஜாசினுக்குப் பக்கத்தில் பாலத்தடி ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. துரையின் பங்களா, ஆபீஸ், தொழிலாளர் லயங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வளைத்து முள்வேலி போட்டபோது, வேலி போட வந்த பட்டாளத்துக்காரன் கம்பியை மிச்சம் பிடிக்க நினைத்து, டென்னிஸ் கோர்ட்டின் பின்கோட்டை ஒட்டியே கம்பத்தை நட்டுவிட்டான். கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவன் மெலிந்தவனாக இருந்தால். வேலிக்கு அந்தப்புறம் பள்ளம், பிறகு காடு. அங்கே யாராவது நடமாடினால் முதலில் சுட்டுவிட்டுப் பிறகுதான் பெயரைக் கேட்பார்கள். ஆகவே வேலியைத் தாண்டிய பந்து போனதுதான்.

முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகள் காரில் வந்து ஆடுவார்கள். சாலையில் ஒரு காரைச் சுட்டதிலிருந்து யாரும் வருவதில்லை. எங்கள் துரைசாணி ஒற்றை ஆளாகச் சுவரில் பந்தடித்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஆபீசுக்கே வந்து, யாருக்காவது டென்னிஸ் தெரியுமா என்று கேட்டார். பெரிய கிராணி என் மேசையைப் பார்த்தார். மேசைமேல் என் பள்ளிக்கூடத்து டென்னிஸ் குழுவின் படம் இருந்தது. படம் பிடித்த அன்று ஒரு பையனுக்குக் காய்ச்சல். வரிசை கோணலாகத் தெரியக்கூடாது என்று என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் நான் மட்டையைத் தொட்டதில்லை.

முதல் வாரத்திலேயே பாதிப் பந்துகள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய பந்துகள். ஒவ்வொன்றும் போகும்போது துரைசாணி கொஞ்ச நேரம் தலைகுனிந்து மௌனமாக நிற்பார், போரில் இறந்தவர்களுக்கு நிற்பதுபோல.

அப்படி வேலிக்குப் போகாமல் பக்கவாட்டில் போன ஒரு பந்து, பங்களாத் தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பாக்கியலட்சுமியின் முதுகில் விழுந்தது. லயத்து மாயாண்டியின் மகள். காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு மத்தியானத்துக்குமேல் புல் வேலைக்கு வருவாள். எழுந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"குடுங்கய்யா அத."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கேட்டது மட்டையை. வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி அடித்தாள். பந்து வலையைத் தாண்டி, பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. துரைசாணி இன்னொரு பந்தை நீட்டினார். அதுவும் அதே இடத்தில்.

"புல்லு இருக்கும்மா" என்றாள் பாக்கியம்.

புல்லை நாளைக்குப் பார்க்கலாம் என்று துரைசாணி சைகை காட்டினார். அந்தப் புல் பிறகு இடுப்பளவு வளர்ந்தது.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. டென்னிஸ் ஆடுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் பால் மறந்ததும் மட்டை பிடிப்பார்களாம். பாக்கியம் மட்டையைத் தொட்டபோது லயத்தில் அவள் வயதுப் பெண்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தன. ஆனாலும் அந்த வாரமே என்னைத் தோற்கடித்தாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்குமுன் துரைசாணியைத் தோற்கடித்தாள். பிறகு துரையே இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஆடினார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவர் எல்லாரையும் திட்டிய விதத்திலிருந்து, முதல்நாள் யார் ஜெயித்தார்கள் என்று தோட்டமே தெரிந்துகொண்டது.

எப்படி வந்தது இந்தத் திறமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மரம் வெட்டுகிற மணிக்கட்டு என்றார் பெரிய கிராணி. நானும் யாரும் பார்க்காதபோது இரண்டு மரம் வெட்டிப் பார்த்தேன். மரத்துக்குத்தான் காயம். பாக்கியத்தையே கேட்டேன்.

"வெளிய போனா எடுக்க முடியாதுல்ல. அதான் உள்ளாற போடறேன்" என்றாள். பந்து வெளியே போவது என்றால் வேலிக்கு வெளியே போவது என்று அவள் நினைத்திருந்தாள். மற்றவர்கள் கோட்டுக்குள் ஆடினார்கள். இவள் அவசரகாலச் சட்டத்துக்குள் ஆடினாள்.

மலாக்கா டென்னிஸ் போட்டி வந்தது. முதல் ஆட்டங்கள் ஜாசினில். இந்த வருஷம் எந்த இனத்தாரும் ஆடலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆள் கிடைக்காதபோது சமத்துவம் தானாக வந்துவிடும். வெள்ளைக்காரப் பெண்கள் பாதிப்பேர் கப்பலேறிவிட்டதால் பெண்கள் தனியாட்டம் இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் ஆட்டம் மட்டும். துரை தோட்டத்தை விட்டு நகரமுடியாது. துரைசாணி பாக்கியத்துக்கு ஜோடி தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று உறுதியானபிறகு என்னைப் பார்த்தார்.

மாயாண்டியிடம் அனுமதி கேட்கப் போனேன். லயத்து வாசலில் கங்காணியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்கய்யா, இந்த ஆட்டத்துல நீங்க வலைக்கு அந்தாண்ட, எம் மவ இந்தாண்டயா?"

"இல்லண்ணே. ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

"இம்புட்டு நாளு?"

"எதிரெதிர்ப் பக்கம்."

"அதான் நான் ஒண்ணும் சொல்லல. எதுத்து நின்னு அடிச்சுக்கிட்டா அது வெளையாட்டு. ஒரே பக்கமா நின்னா அது குடும்பம்லா."

கங்காணி தலையாட்டினார். "ஜாசின் சனம் பூரா பாக்கும். தட்டு மாத்திட்டுப் போவட்டும். ஒரு பய பேச முடியாது."

நான் தரையைப் பார்த்தேன். முகத்தில் இருந்த சந்தோஷத்தை வைக்க வேறு இடம் இல்லை. அவள் என்னைத் தோற்கடித்த அன்றிலிருந்தே எனக்கு அந்த நோய். கிராணி யோசிக்கிறார் என்று அவர்கள் நினைத்து, எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். போதுமான அளவு சொல்லவிட்டுச் சம்மதித்தேன்.

சாயங்காலம் பைப்படியில் பாக்கியம் என்னை நிறுத்தினாள்.

"ஐயா, பளிச்சுன்னு சொல்லிடறேன். எனக்குக் கல்யாணம் வேணாம். டுரியான் துங்கால் ஊர்ல மாமா ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு, அதுவும் வேணாம். பந்தடிக்கணும். ஆட்டத்துக்காகத்தான் இந்தத் தட்டு. என்னிக்குத் தோக்குறமோ அன்னிக்கே திருப்பிக் குடுத்துடறது. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒடனே சரின்னுட்டாரு. நீங்க ஆடறத பாத்திருக்காரு."

"ஜெயிச்சுக்கிட்டே இருந்தா?"

"இருந்தா இருப்போம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாததால் பெரிய கிராணியே என் பக்கத்துத் தட்டைப் பிடித்தார். உலகத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகள் ஜாதகத்தை நம்பிப் பெண் எடுத்திருக்கிறார்கள். என் கல்யாணம் என் டென்னிஸை நம்பி நின்றது.

இரும்புத் தகடு அடித்த தோட்டத்து லாரியில் ஜாசின் போனோம். அரிசி கடத்துகிறோமா என்று வாசலில் சோதனை. காவலுக்கு இருந்த மலாய் கான்ஸ்டபிள் பந்து டின்னைத் திறந்து, ஒவ்வொரு பந்தையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். அரிசிச் சத்தம் கேட்கவில்லை. விட்டுவிட்டார்.

கோர்ட்டில் இறங்கியதும் பாக்கியம் எனக்கு ஆட்டத்தின் நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

"நீங்க வலகிட்ட போயி நல்லா குனிஞ்சுக்குங்க. நான் சொல்றப்ப நிமுருங்க."

குனிந்துகொண்டேன். ஆட்டம் முடியும்வரை அவள் சொல்லவே இல்லை. என் முதுகுக்குமேல் பந்துகள் போயின, வந்தன. எதிரில் ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு நர்சும். அதிகாரி ஓங்கி அடிப்பார், திரும்பி வரும். மறுபடி ஓங்குவார், அதுவும் வரும். கடைசியில் பொறுமை போய் அவராகவே வெளியே அடித்துவிடுவார். சர்வீஸ் போடவோ வாங்கவோ என் முறை வரும்போது மட்டும் நிமிர்ந்து, மெதுவாக ஒன்றைப் போட்டுவிட்டு, ஓடிப்போய்க் குனிந்துகொள்வேன். அடுத்த ஆட்டத்திலும் இதே கதை. ஜாசின் சந்தையில் பாக்கியத்தின் பெயர் பரவியது. என் பெயரும் பரவியது. 'குனிஞ்ச கிராணி' என்றார்கள்.

அதற்கடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தோம். ஒவ்வொரு முறையும் மாயாண்டி தோட்டத்து வாசலில் காத்திருப்பார். கையில் துணி மூடிய தட்டு. என் வீட்டுச் சேலை, தேங்காய், அன்றைக்குப் புதிதாக வாங்கிய வாழைப்பழம். தோற்று வந்தால் கையோடு கொடுத்துவிடலாம் என்று.

"ஜெயிச்சுட்டீங்களா" என்பார், இழவு விசாரிக்கிற குரலில். பிறகு பழத்தை நாங்கள் மூன்று பேரும் தின்போம்.

இறுதி ஆட்டம் மலாக்கா டவுனில், கடலுக்கு எதிரே ஒரு கிளப்பில். எதிர் ஜோடி யாழ்ப்பாணத்து அண்ணன் தங்கை. அண்ணன் விஜயரட்ணம் அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகம். தங்கை யோகம் டீச்சர். இருவர் உடுப்பிலும் மடிப்பு கலையாத வெள்ளை. விஜயரட்ணம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தான் அந்தக் குனிஞ்சு நிக்கிற ஆளோ? கேள்விப்பட்டனான். முழங்கால் நோகேல்லையோ?"

"அண்ணை, சும்மா இருங்கோ" என்றார் யோகம். "அவர் பயந்திடுவார்."

அதற்குள் நான் பயந்து முடித்திருந்தேன்.

படித்தவர்கள். கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வீஸ் தவிர பாக்கியத்தின் பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை. எல்லாம் எனக்கு. குனிந்தால் காலுக்கு, நிமிர்ந்தால் நெஞ்சுக்கு. முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் பாக்கியம் என்னைத் தள்ளிவிட்டு என் பந்தையும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தாள். நாலு ஆள் ஆடவேண்டிய ஆட்டத்தில் மூன்று ஆளும் ஒரு இடைஞ்சலும். இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவது இழுத்துக்கொண்டே போய், இன்னொரு பந்து விட்டால் தோல்வி என்ற இடத்தில் வந்து நின்றது.

விஜயரட்ணம் உயரத் தூக்கி அடித்தார். பந்து என் தலைக்குமேல் போனது. வெளியே போகிற பந்து. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது, சாலையில் சைக்கிளில் போனவனுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"விடுங்கய்யா" என்றாள் பாக்கியம், சாதாரணக் குரலில்.

விட்டிருக்கலாம். ஆனால் என் கண்ணுக்கு அது பந்தாகத் தெரியவில்லை. சேலையும் தேங்காயுமாகத் தட்டு என்னைத் தாண்டிப் போவதுபோல் தெரிந்தது. பின்னால் ஓடிப்போய், எகிறி, ஓங்கி ஒன்று வைத்தேன். என் வாழ்க்கையிலேயே மட்டையின் நடுவில் பட்ட ஒரே அடி அதுதான். பந்து கிளப்புச் சுவரைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கடலில் விழுந்தது.

ஆட்டம் அங்கேயே முடிந்தது. விஜயரட்ணம் வலையருகே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல அடி" என்றார். கிண்டலா, மரியாதையா என்று இன்றுவரை தெரியாது.

கிளப்பின் வெள்ளைக்காரச் செயலாளர் விஜயரட்ணத்தை அழைத்து ஏதோ சொன்னார். விஜயரட்ணம் பாக்கியத்திடம் வந்தார்.

"பிள்ளை, இஞ்ச லேடீஸுக்கு விளையாட்டுப் பழக்க ஒரு ஆள் வேணுமாம். சம்பளம் தருவினம். ஆனா சம்பளம் வாங்கினா நீர் புரொபஷனல். பிறகு இப்பிடிப் போட்டியளில ஆட ஏலாது. யோசிச்சுச் சொல்லும்."

"தெனமும் ஆடலாமா?"

"தினமும்தான்."

"அப்ப சரி."

"என்னோட அறையில தங்கி நிக்கலாம்" என்றார் யோகம். "தனியப் பயப்பிட வேண்டாம்."

புல் பிடுங்க வந்தவள் ஒரு வருஷத்துக்குள் புரொபஷனல். நான் ஆறு வருஷமாகச் சின்னக் கிராணி. மனசார வாழ்த்தினேன். வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இனி ஜோடி ஆட்டம் இல்லை. வலைக்கு ஒரே பக்கம் நிற்க அவளுக்கு யாரும் தேவையில்லை. ஜெயித்திருந்தாலும் இதே முடிவுதான்.

லாரியில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். ஜாசின் தாண்டியதும் சொன்னேன்.

"தட்ட இன்னிக்கே வாங்கிக்கிறேன் பாக்கியம். உங்கப்பா வாசல்லதான் இருப்பாரு."

"அந்தப் பந்த ஏன் அடிச்சீங்க?"

நான் மட்டையின் நரம்பை நிமிண்டிக்கொண்டிருந்தேன்.

"வெளிய போறது தெரியலயா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"தோத்தா தட்டு திரும்பிடும்னு நெனச்சேன். கை தானா போயிருச்சு."

இரும்புத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாக அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்மரங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"கிறுக்கு" என்றாள்.

அவள் 'ஐயா' தவிர வேறு சொல்லால் என்னைச் சொன்னது அதுதான் முதல்முறை. அதை லாபத்தில் சேர்ப்பதா நஷ்டத்தில் சேர்ப்பதா என்று தெரியாமலே தோட்டம் வந்து சேர்ந்தேன்.

மாயாண்டி தட்டோடு நின்றார்.

"என்னாச்சு?"

"தோத்துட்டோம்ப்பா."

அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பரவால்லம்மா. வெளையாட்டுன்னா அப்படித்தான்லா. இந்தாங்கய்யா, ஒங்க தட்டு. சேலையில ஒரு கசங்கல் இல்ல, பாத்துக்குங்க."

கையை நீட்டினேன். பாக்கியம் நடுவில் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இவருக்கு ஆட வரல. அதுக்காக மாப்பிள்ளைய மாத்துவாங்களா?"

"நீதானம்மா சொன்ன, தோத்தா..."

"சொன்னேன். ஆட்டத்துக்கு ஆள் வேணும்னு சொன்னேன். இப்ப டவுன்ல சம்பளத்துக்கு ஆடப் போறேன். ஆட்டத்துக்கு இவரு வேணாம்." தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு வேணும்."

மாயாண்டி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். இதுவரை பார்க்காத ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்போல.

"இவரு டவுனுக்குப் போயி என்னா பண்ணுவாரு?"

"அங்க கிராணி வேலை இல்லாமலா போச்சு? சாயங்காலத்துல லேடீஸோட சேத்து இவருக்கும் ஆட சொல்லித் தரேன்."

ஊரடங்குச் சங்கு ஊதியது. கான்ஸ்டபிள் கேட்டை மூடிக்கொண்டே எங்களை உள்ளே போகச் சொன்னார். பாக்கியம் தட்டை என் கையில் கொடுத்து, ஒன்றும் கீழே விழாமல் லயம்வரை கொண்டுவரச் சொன்னாள். அதுதான் என் முதல் பாடம். இரண்டு பழம் விழுந்தது.