பதினெட்டு இல்லை

“பதினெட்டுக்கும் இல்லைன்னு போட்டா அவிய என்னத்தைக் கண்டுபிடிப்பாவ, நீயே...”

“இல்லாததை உண்டுன்னு எழுதச் சொல்லுதியா, கர்த்தர் பாத்துக்கிட்டு...”

“இல்லாததா? சின்னதுல நான் எத்தனை குடை தொலைச்சேன்னு...”

“ஒண்ணுகூடத் தொலைக்கல்ல, ஏட்டி. ஒண்ணுகூட.”

நாகர்கோவிலில் ஒரு மனநல ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா. சண்டை போட்டவர்கள் சிந்தியாவும் அவள் அம்மா வியாகுலம்மாளும். இருவருக்கும் நடுவில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நன்றாகச் சண்டை போடட்டும் என்று எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

சிந்தியாவுக்கு இருபத்தேழு வயது. தக்கலையில், தாலுகா ஆபீசுக்கு எதிரே சுந்தர்சிங்கின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். தபால் வழியில் எம்.ஏ. வரலாறும் படிக்கிறாள். படிக்கிறாள் என்றால், ஒரே பேப்பரை மூன்றாவது தடவையாக எழுதப் போகிறாள். மனு அடிக்க ஆள் வந்தால் மனுவுக்குள்ளேயே போய்விடுவாள். வேலித் தகராறு என்றால் வேலியில் என்ன மரம், யார் வைத்தது, இப்போது காய்க்கிறதா என்று கேட்டுக் கேட்டு, வந்தவருக்கு பஸ் போய்விடும். ஒரிஜினலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிடுவாள். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த கதையும் அப்படித்தான். பெரியவர்களுக்கும் கவனக்குறைபாடு இருக்கலாம் என்று அவர்கள் ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அதை வாசித்து வாசித்து, எடுக்க வேண்டிய இருநூறு காப்பியை எடுக்க மறந்தே போனாள். சுந்தர்சிங் வந்து நின்று ஏசிக்கொண்டிருந்தபோது அவள் நோட்டீசிலிருந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எழுத்து வர வரப் பட்டனை அமுக்க வேண்டும். எக்ஸ் வந்தால் மட்டும் சும்மா இருக்க வேண்டும். நாலாவது நிமிஷம், இத்தனை எழுத்து இருக்க எக்ஸை ஏன் பிடித்தார்கள் என்று யோசனை ஓடியது. அந்த யோசனையில் எத்தனை எக்ஸை அமுக்கினாளோ, அவளுக்கே தெரியாது. முடிந்ததும் சோதித்த அபிதா மேடத்திடம் ஏன் எக்ஸ் என்றுதான் முதலில் கேட்டாள். அபிதா சிரித்தாள். இது மட்டும் போதாது என்றாள். பன்னிரண்டு வயசுக்கு முன்னாலேயே இப்படி இருந்ததா என்று வளர்த்தவர்கள் சொல்ல வேண்டும். பக்கத்திலிருந்து யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அதற்கென்று பதினெட்டு கேள்வி உள்ள ஒரு தாளை அம்மாவிடம் கொடுத்தாள்.

சிந்தியாவுக்கும் அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. தன் மண்டை ஆதியிலிருந்தே இப்படியா, இல்லை சுந்தர்சிங் சொல்வது போல வெறும் சோம்பலா?

அம்மா தேங்காய்ப்பட்டணத்தில் முப்பது வருஷமாக மீன் விற்கிறவள். தன் பெண்ணைப் பற்றி இத்தனை கேள்வியை இதுவரை அவளிடம் கேட்டவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள்தான். சாமான் தொலைப்பாளா? இல்லை. சொன்னதை மறப்பாளா? இல்லை. குளச்சலிலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பதில் சொன்ன அதே முகத்தோடு எல்லாவற்றுக்கும் இல்லையில் குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அபிதா தாளைப் பார்த்தாள். சிந்தியா வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி அடக்கிவிட்டு, அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்: குடை தொலையவில்லை, சரி. எப்படித் தொலையாமல் இருந்தது?

இதில் என்ன அதிசயம் என்பது போலச் சொன்னாள் அம்மா. குடை பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கும். பியூன் இஸ்ரவேல் எடுத்து வைத்திருப்பார். மீன் விற்றுத் திரும்பும் வழியில் அம்மா வாங்கி வந்து, மறுநாள் பிள்ளை எழும்புமுன் பையில் சொருகிவிடுவாள். டிபன் பாத்திரமும் அப்படித்தான், ஜியாமெட்ரி பெட்டியும் அப்படித்தான். இஸ்ரவேலுக்கு வாரம் ஒரு கூறு சாளை மீன்.

“எத்தனை வருஷம்?”

“ஏழாங்கிளாஸ் வரைக்கும். பொறவு வேற பியூன் வந்தான். அவன் மீன் தின்ன மாட்டான்.”

அதற்குப் பிறகு அபிதா கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உட்கார வைத்தால் ஒரு வரி ஏறாது என்று, மீன் எடுக்கக் கரைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், நடக்க நடக்க வாய்ப்பாட்டைச் சொல்ல வைத்தது. பரீட்சை அன்றைக்கு ஹால் வாசல்வரை போய்ப் பேனாவைக் கையில் கொடுத்தது. துணைக்குத்தான் அம்மா தன்னைக் கரைக்குக் கூப்பிட்டாள் என்று சிந்தியா இன்றுவரை நினைத்திருந்தாள். யாரோ ஒருத்தியின் மனுவை அடிப்பது போல, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கேட்க ஆயிரம் இருந்தது. கேட்கக் கூடாதே.

அபிதா புதிதாக ஒரு தாளை எடுத்து அம்மா பக்கம் தள்ளினாள். மாற்ற வேண்டும் என்றில்லை, இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அம்மா பேனாவை வாங்கினாள். முதல் கேள்வியை விரல் வைத்து வாசித்தாள். ஆமாம் என்ற கட்டத்துக்கு மேல் பேனா போனது, இல்லைக்கு வந்தது, மறுபடியும் போனது. கடைசியில் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். குளச்சல்காரர்களுக்குக் காட்டிய முகம் இப்போது இல்லை.

“தொலைச்சது நீ. தொலையாமப் பாத்தது நான். இதுல நான் எதை எழுதட்டும், மக்கா?”