கருப்பன் காலுக்குக் கீழே இரண்டு முழம்

1

இந்தக் கதை ஓர் அரசாங்கத் தாளில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. இந்த 1943 ஐப்பசி முதல் வாரத்தில் எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை அதைக் கொண்டுவந்து நீட்டினார். ஊரில் இதுவரை நேர்ந்த இயற்கைச் சேதங்கள், ஆண்டு, இழப்பு, காரணம், இனி நேரக்கூடியவை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. பத்திரிகையில் என் கதை ஒன்று வந்துவிட்ட பாவத்துக்கு, ஊரில் யார் எதை எழுத வேண்டியிருந்தாலும் என் தலையில்தான் விடியும்.

(ஊர்ப் பெயர் வேண்டாம். சோழவந்தானுக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே ஒரு கண்மாயும் ஒரு சந்தையும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போகாதீர்கள், கிடைக்காது.)

2

தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்தது. வைகை சீறிப் புறப்பட்டு..." அடித்துவிட்டேன். வைகை சீற வேண்டுமானால் முதலில் அதில் தண்ணீர் வேண்டும். எங்களை அழிப்பதென்றால் எங்கள் கண்மாய்தான் அழிக்க வேண்டும். வெளியூர்த் தண்ணீருக்கு அந்த உரிமையை நாங்கள் கொடுத்ததில்லை.

தொடக்கம் இரண்டு, தாளில் கேட்டபடி: 1924, சூறைக்காற்று. சந்தைக் கொட்டகையின் கூரை பறந்து சாலையில் விழுந்தது. 1929, வெட்டுக்கிளி. நிலநடுக்கம், இல்லை. (தன் கல்யாணத்தன்று பூமி ஆடியது என்று கண்ணுச்சாமி சாதிப்பார். அது கள்.) 1934, 35, வறட்சி. 1936 கார்த்திகை, கண்மாய் உடைப்பு. இழப்பு: கீழத்தெருவில் பதினேழு வீடுகள், ஆடுமாடுகள், ஒரு பெண். காரணம்:

இந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கதை எழுதத் தொடங்கியது அதனால்தான். தாளில் பொய் எழுதப் பயம். கதையில் உண்மை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

3

இனி சங்கிலி. கீழத்தெருக்காரர். அப்போது ஊரின் நீர்க்கட்டி, அதாவது கண்மாயைக் காத்து, தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். முதல் மூன்று வரைவுகளில் அவரை 'அவன்' என்றே எழுதியிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நேரில் இன்றைக்கும் "வாடா சங்கிலி"தான். கதையிலாவது மரியாதை கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், செலவில்லையே.

கண்மாய் நிறைந்து மிஞ்சுகிற நீர் வழிவதற்குக் கலுங்கு உண்டு. அதைப் பலகைகள் அடைத்திருக்கும். அதன் பக்கத்தில், கரையின் உட்சரிவில், கல்லாக நிற்கிறார் கருப்பன். தண்ணீர் கருப்பன் காலை நனைத்தால் பலகையை எடுக்க வேண்டும். நனைவதற்கு முன் எடுத்தவன் தண்ணீர்த் திருடன், ஊரை விட்டே துரத்துவோம். சர்க்கார் அளவுகோல் வருவதற்கு முன்பே எங்களிடம் அளவுகோல் இருந்தது, அதற்கு மீசையும் இருந்தது.

இரண்டு வருட வறட்சியில் ஊர் நேர்ந்துகொண்டது: மழை பெய்தால் சாமியைச் சகதியில் நிற்க விடமாட்டோம். 36 ஆவணியில் பெய்தது. உடனே செங்கலும் சுண்ணாம்புமாக இரண்டு முழத்தில் பீடம் கட்டி, கருப்பனை அதன்மேல் தூக்கி வைத்தோம். கிடா வெட்டினோம். அளவுகோலை இரண்டு முழம் உயர்த்தியிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கறி நன்றாக இருந்தது.

(பீடம் யார் யோசனை என்று கேட்பீர்கள். இதே பகுதியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு சொல்...)

4

கார்த்திகையில் ஒரு நாள் உச்சிப்பொழுது. சாவடியில் என் அப்பா காசிமாயனும் நானும் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தோம். சங்கிலி நனைந்தபடி ஓடிவந்து கீழே நின்றார்.

"ஐயா, கரை ஊறுது. பலகைய எடுத்துரவா?"

"கருப்பன் காலு நனைஞ்சுச்சா?"

"இல்லைங்கய்யா."

"அப்பறம் என்னடா அவசரம்?"

கேட்டது என் அப்பா என்று இரண்டாம் வரைவில் எழுதியிருந்தேன். அவர் போன வருடம் காலமாகிவிட்டார், மறுக்க வரமாட்டார். ஆனால் கேட்டது நான். பீடம் என் யோசனை. பீடத்தின் கல்வெட்டு வாசகமும் நான் எழுதியதுதான்: நான்கு வரி, கடைசி வரியில் 'முத்திருளன்' என்று என் பெயர். பத்திரிகைக்கு முன்பே என் எழுத்து வெளியானது அங்கேதான்.

மூன்று மணிக்குக் கரை உடைந்தது. சங்கிலியின் மனைவி ஒச்சாயி ஆட்டை அவிழ்த்துவிடப் போனவள், திரும்பவில்லை. ஊர் கூடி, நீர்க்கட்டி தூங்கிவிட்டான் என்று முடிவு செய்து, அவர் வேலையைப் பறித்துப் பேயாண்டியிடம் கொடுத்தது. நானும் தலையாட்டினேன். ஏழு வருடமாக அது எனக்கு வலிக்கிறது.

5

இன்று காலை சங்கிலியின் மகள் தங்கப்பொண்ணு என் வாசலில் வந்து நின்றாள். மூன்று நாளாக மழை. நான் தாளைக் காட்டி, உன் அப்பன் தூங்கவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றேன், பெரிய மனிதன் தோரணையில்.

"அதுக்கு வரலைங்கய்யா. எழுதுனா எங்காத்தா வந்துருவாளா?" என்றாள். "கலுங்கு பூராம் நெறஞ்சு நிக்குது. பேயாண்டி, கால் நனையட்டும்னு பாத்துக்கிட்டு இருக்காக. கருப்பனப் பழைய எடத்துல இறக்கி வச்சா இன்னைக்கே கால் நனைஞ்சிரும், பலகையும் எந்திரிச்சிரும். எங்கப்பன் கடப்பாரையோட கரையில நிக்காரு. அவரு மட்டும் சாமியத் தொட்டா எங்க தெருவையே கொளுத்திருவாக. நீங்க ஒரு பக்கம் பிடிச்சா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போய்விட்டாள். நான் யோசிப்பதற்காக மறுபடியும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

முடிவு அ: கருப்பன் பேயாண்டியின் கனவில் வந்து, "இறக்கி விடுடா, உயரத்தில் நின்று தலை சுற்றுகிறது" என்கிறார். ஊர் ஒப்புக்கொள்ளும். ஆனால் பேயாண்டி தூங்க வேண்டுமே.

முடிவு ஆ: கரை உடைகிறது. நான் கதறி அழுகிறேன். பத்திரிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. வெட்கமாக இருக்கிறது, கிழித்துவிட்டேன்.

முடிவு இ எனக்கு எழுத வரவில்லை. தங்கப்பொண்ணு மறுபடி வந்து வாசலிலிருந்தே ஒன்று சொன்னாள். பழைய நாளில் கருப்பன் கால் இருந்த மட்டத்தில் இப்போது கல்வெட்டின் கடைசி வரி இருக்கிறதாம். தண்ணீர் அதைத் தொட்டுவிட்டதாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் நனைந்துகொண்டிருப்பது எனக்குத்தான் தெரியும்.

'காரணம்' கட்டம் இன்னும் காலி. பேனா இதோ, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் கல்லைத் தூக்க முடியும். கருப்பனை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சங்கிலி. இன்னொருவர்