மேல்கயிற்றுப் பாசி

"இந்தப் பூச்சு போகவே மாட்டேங்குது அபிடின்," என்று, சடலத்தைக் குளிப்பாட்டக் கட்டியிருந்த திரைக்கு வெளியே தலையை நீட்டினாள் ஹாஜா ரொக்காயா. முழங்கை வரை ஈரம். "எதக் குழைச்சுப் பூசியிருக்கா உன் பொண்டாட்டி?"

அபிடின் மலங்க மலங்க விழித்தான். காலையிலிருந்து ஆளாளுக்கு அவனிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தர்சியாவுக்கு நெஞ்சுவலி முன்பே இருந்ததா, அவளுடைய நல்ல துணி எந்தப் பெட்டியில், கடைசியாக என்ன சொன்னாள். கடைசியாகப் பேசியதே அவன்தான். படகு விளிம்பில், கடலில் பாசி வளர்க்கும் கயிற்றின் மேல் அவள் குனிந்து கிடந்தபோது, "கயிறு என்ன உனக்குக் கதை சொல்லுதா?" என்று கத்தினான். அவள் நிமிரவில்லை.

"வெயிலுக்குப் பூசற புராக்தான். அரிசி அரைச்சது. எல்லாப் பொம்பளைங்களும் பூசறதுதானே."

"அரிசின்னா தண்ணி பட்டதும் கரைஞ்சிருக்குமே. இது வழவழன்னு ஊறுது, கழல மாட்டேங்குது. மையித்த நகத்தால சுரண்டவா முடியும்? தண்ணி தோல்ல படாம குளிப்பாட்டினா அது குளிப்பாட்டினதே இல்ல. சாயங்கால அசர் தொழுகைக்குள்ள அடக்கணும்னு அங்க ஆம்பளைங்க மையித்து ஏத்தற படகக் கழுவிட்டு நிக்கறாங்க."

உள்ளே வெள்ளைத்துணி கிழித்துக்கொண்டிருந்த மகள் நுரிடா குரல் கொடுத்தாள். "அம்மா அதுல செம்பாசியக் காய்ச்சி ஊத்துவாங்க. போன்ல சொன்னாங்க."

அவனுக்கு அது தெரியும். போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து பாசி பொறுக்கிக்கொண்டு போனாள். வெயிலை விட்டு ஓட முடியாத செம்பாசி, சுடுகிற வெளிச்சத்தைத் தடுக்கும் சத்து ஒன்றைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்கிறது, வெயில் கூடக் கூட அதுவும் கூடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே தர்சியா ஒரு கயிற்றை மட்டும் நீர்மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினாள். வெந்து வெளுத்துப் போகும் என்று அவன் சத்தம் போட்டான்.

"பழகிக்கும். நான் பழகல?" என்றாள்.

அந்த மேல்கயிற்றுப் பாசியைத்தான் காய்ச்சி மாவில் குழைத்துப் பூசினாள். காய்ந்தால் முகம் விறைத்துக்கொள்ளும். "இதப் பூசினா சிரிக்க முடியல. உன்கூட இருக்கறதுக்கு ரொம்ப வசதி," என்பாள். அது கேலியா, குத்தலா? அன்றைக்கும் அவனுக்குப் புரியவில்லை.

"சாயங்காலம் எப்படித்தான் எடுப்பா?" என்றாள் ரொக்காயா.

"எனக்குத் தெரியாதே ஹாஜா. நான் கல்யாணமாகி தவாவ் போன பிறகுதான் இந்தப் பூச்செல்லாம்," என்றாள் நுரிடா.

அபிடினுக்குச் சுரீரென்றது. சாயங்காலங்களில், தண்ணீர்மேல் கட்டிய வீட்டின் பின்பலகையில், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மடியில் ஆவி பறக்கும் ஒரு அலுமினியச் சட்டி. முகத்தை அதற்குள் கவிழ்த்திருப்பாள். தோள் லேசாகக் குலுங்கும். எழுந்து வரும்போது கண்கள் செக்கச் சிவந்திருக்கும். அழுகிறாள் என்றே அவன் நினைத்தான். மகள் போனதற்கா, இவனோடு வாழ்ந்ததற்கா? கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயந்து ஒருநாளும் கேட்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவான்.

"வெந்நீர்," என்றான். "வெந்நீர் வச்சுத்தான் எடுப்பா."

அட, சட்டியும் சிவந்த கண்ணும் இதற்குத்தானா! அவனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் சட்டென்று இறங்கியது. பெண்டாட்டி செத்துக் கிடக்கிற வீட்டில் சிரிப்பு வரப் பார்க்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. யாரையும் விடாமல் அடுப்பைத் தானே ஊதினான். அதே அலுமினியச் சட்டியில் வெந்நீரைக் கொண்டுபோய்த் திரைக்கு அடியில் தள்ளினான்.

உட்காரக்கூட நேரமில்லை. உள்ளிருந்து ரொக்காயாவின் குரல் வந்தது. "வந்துடுச்சு. துணிய நனைச்சு முகத்துல வச்சேன், அப்படியே தோலா உரிஞ்சு வந்துடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்."

"கொஞ்ச நேரம் ஊற வைக்க வேணாமா ஹாஜா? நல்லா, ரொம்ப நேரம்..."

"எதுக்கு ஊறணும்? பட்டதும் விட்டுடுது."

தர்சியா பின்பலகையில் உட்காரும்போது வெயில் இருக்கும். அவள் எழுந்து வரும்போது விளக்கேற்றியிருக்கும்.

கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்து அவனைக் கூப்பிட்டார்கள். நெற்றியும் கன்னமும் கல்யாணத்தன்று பார்த்த நிறத்திலேயே இருந்தன. வெயில் அங்கே தொட்டிருக்கவே இல்லை. கண்கள் மூடியிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தான். தலையை ஆட்டினான். முடிச்சுப் போட்டார்கள்.

வெளியே படகை நெருக்கிக் கட்டும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டியவர்கள் திருப்பி வைத்த அலுமினியச் சட்டி பின்பலகையில் கிடந்தது. அடுப்பில் மிச்சமிருந்த வெந்நீரை அதில் ஊற்றி, அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். முகத்தைக் கவிழ்த்தான். மூச்சு முட்டும்வரை அப்படியே இருந்தான். எடுத்தான். மறுபடி கவிழ்த்தான்.

"அப்பா," என்று நுரிடா வாசலில் வந்து நின்றாள். "எல்லாரும் காத்திருக்காங்க. என்ன பண்றீங்க இங்க?"

அவன் நிமிர்ந்தான். தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"கண்ணு செவந்திருக்கா, பாரும்மா."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"காலையிலேர்ந்தே செவந்துதாம்ப்பா இருக்கு," என்றாள்.