பிடிக்கக் கூடாத கைப்பிடி

"பெரியவரே, அந்தக் கைப்பிடியை மட்டும் பிடிச்சிராதீங்க" என்றார் தச்சர். "பசை இன்னும் காயல. பிடிச்சா கையோட வந்துரும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, சுவரோரம் பளபளத்த எஃகுக் கம்பியை மரியாதையோடு பார்த்தார். "பிடிக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க கைப்பிடி?"

"பார்க்கிறதுக்கு."

"அப்ப சரி" என்று ஒப்புக்கொண்டார். பணிக்காலம் முழுக்கப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று பழகியவருக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமில்லை. கால்களுக்கிடையில் தன் பழைய பையை நகர்த்தி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அறைக்குக் கூரை இல்லை. வெகு உயரத்தில் அலுவலக மண்டபத்தின் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. "கூரை இனிமேத்தான் போடுவாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அது காட்சிக்காக அமைத்த மாதிரி அறை. பெருகிவரும் முதியோர் தொகையை எதிர்கொள்ள அரசு தீட்டிய மாபெரும் திட்டத்தின் தொடக்க விழாவுக்காக, ஒட்டுப்பலகையால் எழுப்பப்பட்டது. திட்டத்துக்கு வயது நான்கு. முதல் வருடம் 'முதியோர்' என்ற சொல் புண்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதில் போனது. இரண்டாம் வருடம் 'மூத்தோர்' என்பதும் அவ்வளவு நன்றாக இல்லை என்று தெரிந்தது. கடைசியில் 'அனுபவச் செல்வர்கள்' என்று முடிவானபோது இயக்குநர் அம்மையார் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அனுபவச் செல்வர்களையும் அழைத்திருந்தார்கள். கூட்டம் மூன்றாம் மாடியில், மின்தூக்கி பழுது. வந்தவர்கள் படிக்கட்டின் அடியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினார்கள். 'எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை' என்று அறிக்கையில் எழுதியவர் துணை இயக்குநர். அப்பாவின் ஒரே மகன்.

மாதிரி அறையில் உட்கார ஒரு நாடக நடிகரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். முதியவராக நடிப்பதில் பேர்போனவர். மூட்டுவலி, எழுந்திருக்க முடியவில்லை என்று முந்தின நாள் சொல்லி அனுப்பிவிட்டார்.

"உங்க வீட்லயே ஒருத்தர் இருக்காரே" என்றார் இயக்குநர். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே, சார்!"

அந்த வெண்ணெய் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தது. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர். மருமகள் வேலையிலிருந்து திரும்பும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார். "கத்திக் கூப்பிட்டிருக்கலாமே மாமா" என்று அவள் அழுதபோது, "யாரைம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு மகன் ஒருநாள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முதியோர் இல்லத்துடன் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசினான். அறை காலியா, மணி அடித்தால் ஆள் வருமா என்றெல்லாம் கேட்டான். பேசி முடித்துத் திரும்பியபோது அப்பா கதவையொட்டிய கொடியில் துண்டை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று முகத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. துண்டை மட்டும் தேவைக்கு மேல் நான்கு தடவை உதறினார்.

முந்தின நாள் மாலை, "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போகணும்ப்பா. கொஞ்சம் நல்ல சட்டையாப் போட்டுக்குங்க" என்று மகன் சொன்னபோது, எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பான். கேட்காததால், வேலை மிச்சம் என்று உரையைத் திருத்த உட்கார்ந்துவிட்டான். காலையில் பையோடு வந்து நின்றவரைப் பார்த்து, "எதுக்குப்பா இவ்வளவு மூட்டை?" என்றான் அவசரத்தில். "இருக்கட்டும்டா. தேவைப்படும்" என்றார்.

அமைச்சர் வந்தார். அவருக்கு முன்னால் கேமராக்களும், பின்னால் இயக்குநரும், எல்லோருக்கும் பின்னால் மகனும் வந்தார்கள். துணை இயக்குநர் தன் உரையில், 'தம் இல்லத்திலேயே, தம் உறவுகளின் அரவணைப்பிலேயே முதுமை' என்ற இலக்கைத் தழுதழுக்க அறிவித்தார். அந்த இடத்தில் தழுதழுக்கும்படி இயக்குநர் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார்.

அமைச்சர் அறைக்குள் எட்டிப்பார்த்தார். "எப்படிங்க ஐயா இருக்கு? வசதியெல்லாம் போதுமா?"

அப்பா எழுந்து நிற்க முயன்றார். கை கைப்பிடிவரை போய், நினைவு வந்து, திரும்பியது. உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. சுத்தமா இருக்கு. என் மகன் பார்த்துப் பார்த்துத்தான் செய்வான். அவன் மேல ஒரு தப்பும் கிடையாது. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பாவம், என்ன பண்ணுவாங்க? நானே வந்துடறேன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவனே கூட்டிட்டு வந்துட்டான்."

அமைச்சர் நெகிழ்ந்துவிட்டார். "அருமையாப் பேசறார்" என்று இயக்குநர் பக்கம் திரும்பினார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மகனிடம் கிசுகிசுத்தார்: "சார், எழுதிக் கொடுத்தது நீங்கதானே? பிரமாதம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. மகன் மட்டும் அறை வாசலில் நின்றுவிட்டான்.

அப்பா பையைத் திறந்திருந்தார். சட்டைகளை மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கியாயிற்று. பல்செட் வைக்கும் டம்ளர், சீப்பு, டிரான்சிஸ்டர். சுவரில் சட்டமிட்டுப் பூட்டியிருந்த தோட்டத்துப் படத்தை ஜன்னல் என்று நினைத்து, வெளிச்சம் படும்படி அதன் ஓரமாக அம்மாவின் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்.

"நீ இன்னும் போகலயா? சாப்பாடு எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லிட்டுப் போ. ஞாயித்துக்கிழமைதான் வரணும்னு இல்ல, முடிஞ்சப்ப வா. வரலன்னாலும் பரவாயில்ல."

"அப்பா, இது..."

"மருமக காத்துக்கிட்டிருப்பா. கிளம்புடா."

கட்டிலோரம் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. சின்ன வயதில் அப்பாவின் பேருந்தில்தான் பள்ளிக்குப் போவான் மகன். பள்ளி நிறுத்தத்தில் வண்டி நிற்க அப்பா ஒரு மணி அடிப்பார். அவன் இறங்கி, நடைபாதையில் ஏறி, திரும்பிப் பார்த்துக் கையசைத்த பிறகுதான், கிளம்பலாம் என்று இரண்டு மணி. அதுவரை ஓட்டுநர் எவ்வளவு முனகினாலும் வண்டி நகராது.

"ரெண்டு மணி அடிச்சா என்ன அர்த்தம்? மறந்துட்டியா, ஆபீசர்?"

பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். சத்தம் வரவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

அந்தச் சமயத்தில், விழா முடிந்ததென்று தச்சர் அறையைப் பிரிக்கத் தொடங்க, பின்பக்கச் சுவர் ஆடியது. திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அம்மாவின் படம் சரியும்முன் மகன் கையால் பிடித்துக்கொண்டான்; தோட்டம் சுவரோடு அப்படியே பெயர்ந்து போனது. சுவர் இருந்த இடத்தில் உடைந்த நாற்காலிகளின் குவியல் தெரிந்தது. பொத்தானிலிருந்து கிளம்பிய கம்பி ஒன்று, எதிலும் சேராமல், நுனியில் கறுப்புப் பட்டை சுற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அலமாரிச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தார். கோபம் எதுவும் இல்லை. தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்ட பயணியின் கூச்சம் மட்டும் இருந்தது.

"அப்ப இந்த இடம் இல்லையா?" என்று கேட்டார். "வேற எது? நாளைக்குப் போறமா?"

 சற்று முன்வரை மண்டபம் நிறையப் பேசிய மகன் 'எங்கேயும் இல்லப்பா' என்று சொல்லியிருக்கலாம்; அது மூன்று சொல்கூட இல்லை. பால்கனியில் கேட்ட கேள்விகளுக்கு அந்த இல்லத்திலிருந்து சாதகமாகவே பதில் வந்திருந்தது. மணி அடித்தால் ஆள் வருமாம்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க. கட்டிலைத் தூக்கணும்" என்றார் தச்சர்.

அப்பா எழுந்தார். கை பழக்கத்தில் கைப்பிடியைத் தேடிப் போய், தொடாமல் மடங்கியது. மகன் அம்மாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினான். அப்பா அதைக் கவனிக்கவில்லையோ, அதையும் பார்க்கிறதுக்குத்தான் என்று நினைத்துவிட்டாரோ தெரியவில்லை. பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவர் போன வெட்டவெளியின் நடுவே, கால்களைச் சற்று அகட்டி வைத்து நின்றார். வண்டி ஏதோ ஓடிக்கொண்டிருப்பதைப் போல, உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.