சிவானியின் வில்லுக்கு ஒரு தாங்கி

தன் வில்லில் இருந்த அம்புதாங்கியை மாற்ற வேண்டும் என்று சொன்ன அதே சனிக்கிழமைதான், நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கிலுக்குப் போகப்போவதையும் சிவானி சொன்னாள். கௌசிகனுக்கு முதலாவது உடனே விளங்கியது. இரண்டாவது நெஞ்சுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒக்லாந்துக்குத் தெற்கே, புக்கெகோஹி ஊருக்கு வெளியே, வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி இருந்த வில் கழகத்து மைதானத்தில் இருவரும் நின்றார்கள். அவன் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். அவள் மருந்தாளர். அந்தக் கழகத்தில் தமிழர் என்று இவர்கள் இரண்டு பேர்தான். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒன்றாக எய்து பழகினார்கள். கழகத்து ஆட்களோடு சேர்ந்து பன்றி வேட்டைக்கும் போனார்கள். அவள் அவனை ஒருநாளும் "அண்ணா" என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவன் எவ்வளவோ கட்டியிருந்தான்.

"அங்க ஆஸ்பத்திரியில நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. மான் வேட்டைக்கும் அந்தப் பக்கம்தானே நல்லம். ஆனா இந்தத் தும்பு வளையத் தாங்கியோட போகேலாது கௌசிகன், அம்பின்ர இறகெல்லாம் உரசுது. ட்ரொப்-அவே ஒண்டு எடுக்கவேணும். வந்து பார்த்துச் சொல்லுறீங்களோ?"

"ஓம், வாறன்" என்றான்.

அடுத்த வாரம் மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த வில் கடைக்குப் போனார்கள். ட்ரொப்-அவே என்பது அம்பை ஏந்தி நின்று, நாணை விட்டதும் சட்டென்று கீழே விழுந்து அம்புக்கு வழிவிடும் தாங்கி. கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனார். ஒன்றின் கயிற்றை, வில்லில் நாணோடு சேர்ந்து இழுபடும் கேபிளில் பூட்ட வேண்டும். மற்றதின் கயிற்றை, வில்லின் வளையும் தகட்டில் கட்டினால் போதும்.

கேபிள் வகை அழகாக இருந்தது. பெருவிரலால் தட்டிவிட்டால் அம்பைக் கவ்விக்கொள்ளும். பற்றைக்குள் நடந்தாலும் நழுவாது. ஆனால் அதை ஒழுங்காகப் பூட்டுவதென்றால் வில்லை அமுக்கிப் பிடிக்கும் இயந்திரம் வேண்டும். கயிறு தளர்ந்து, விழும் நேரம் பிசகினால் திரும்பவும் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அந்த இயந்திரம் கௌசிகனின் கராஜில் இருந்தது.

அவன் அதைக் கையில் எடுத்துப் புரட்டினான். இதை எடுத்தால், வேட்டைக்காலம் தொடங்க முன்னம் அவள் வில்லைத் தூக்கிக்கொண்டு ஒக்லாந்துக்கு வருவாள். கராஜ் மேசையில் ஏறி இருந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லுவாள். தேத்தண்ணி ஆறிப்போகும். அவன் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வான்.

"இதை எடுங்கோ" என்றான்.

அவள் மறுகேள்வி கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு காசாளரிடம் நடந்தாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த நடையைப் பார்த்ததும் அவனுக்கு உறுத்தியது.

"சிவானி, நில்லுங்கோ."

அவள் திரும்பினாள்.

"உது வேண்டாம். மற்றதை எடுங்கோ. உதுக்கு ஏதும் நடந்தா என்ர கராஜுக்குத்தான் கொண்டு வரவேணும். மற்றது காட்டுக்க கயிறு அறுந்தாலும் மேலேயே நிக்கும், அம்பு விடலாம். பிறகு நீங்களே கட்டலாம். ஒருத்தரும் தேவையில்லை."

"உங்கட கராஜுக்கு வாறதில என்ன பிழை?" என்று சிரித்தாள்.

பகிடியா, உண்மையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் கராஜில் தாங்கியைப் பொருத்தினார்கள். கயிற்றை அவன் ஒருமுறை கட்டிக் காட்டி, அவிழ்த்து, அவளிடம் கொடுத்தான். முதல் முடிச்சு வழுக்கியது. இரண்டாவது இறுகிப் பிடித்தது. இறகில் முகப்பவுடர் பூசி எய்து பார்த்தார்கள். ஓரிடத்திலும் உரசிய அடையாளம் இல்லை. "ஐயோ, என்ன வடிவாப் போகுது!" என்று அவள் கை தட்டினாள். இனி அந்த வில்லில் தனக்கு வேலையில்லை என்று கௌசிகன் நினைத்துக்கொண்டான்.

அவள் இன்வர்கார்கிலுக்குப் போன பிறகு அவன் கழகத்துக்குப் போவதை விடவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, முன்பு அவளை இறக்கிவிடத் திரும்பிய தெருவில் கார் தானாகத் திரும்பிவிடும். வெறும் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

கலைமான்கள் இணை தேடிக் கத்தும் ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் நின்றபோது அவளுடைய அழைப்பு வந்தது.

"கௌசிகன், மான் ஒண்டு விழுந்திட்டுது! காலமை கிளையில சிக்கிக் கயிறு அறுந்து போச்சு. மழைக்குள்ள நானே கட்டினன். நீங்கள் காட்டின மாதிரியே."

"உண்மையோ? கெட்டிக்காரி!" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மான் எவ்வளவு தூரத்தில் நின்றது, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று எல்லாம் சொல்லி முடித்தாள்.

"போனை வைக்கப்போறீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஏன்?"

"இஞ்ச வந்து எவ்வளவு நாளாச்சு, ஒருத்தரோடயும் தமிழில கதைக்கேல்ல. இப்ப சும்மா வாகனத்துக்குள்ள இருக்கிறன். நீங்கள் ஏதாவது கதையுங்கோவன்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னத்தையாவது."

அவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். மோட்டர்வே நெரிசலைச் சொன்னான். கழகத்தில் புது இலக்குப் பலகை வந்ததைச் சொன்னான். தொழிற்சாலையில் வந்த புதுப் பொதி கட்டும் இயந்திரம் கிழமைக்கு ஒருமுறை அடைத்துக்கொள்வதையும், பக்கத்து வீட்டுப் பூனை கராஜில் குட்டி போட்டதையும் சொன்னான். சொல்ல வேண்டிய ஒன்று நுனிநாக்கில் நின்றது. அதைச் சுற்றிச் சுற்றியே கதைத்தான்.

இடையில் நிறுத்தி, "கேட்டுக்கொண்டிருக்கிறீங்களோ?" என்றான்.

"ஓம்" என்றாள் அவள், மிக மெதுவாக. "நிப்பாட்டாதேங்கோ."

தரிப்பிடத்தில் மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கௌசிகன் பூனைக்குட்டிகளின் நிறத்தை விவரித்துக்கொண்டிருந்தான்.