எமிலியின் பாத்தியில் விதைக்கு விடாத பூக்கள்

1.
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதல் வரைவில் ‘நான்’ என்று தொடங்கினேன். கை ஓடவில்லை. அதை வெட்டிவிட்டுக் கமலேஸ்வரி என்று போட்டபின்தான் மூச்சே வந்தது.

2.
எல்லிங்ஸ்ருட் குடியிருப்பில், மே மாத வெயிலில், பூத்துக் குலுங்கும் ஒரு... [வேண்டாம். பூக்காததுதான் பிரச்சினையே.]

மறுபடி. கீழ்வீட்டு எமிலியின் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. எமிலி இன்று மத்தியானம் திரும்பி வருகிறார். போன கோடையில் இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டுக்குப் போனவர். போகும்போது, “கொலம்பைன் பூக்களை உன் சாமிக்குப் பறித்துக்கொள். கொஞ்சத்தை மட்டும் விதைக்கு விடு” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று கமலேஸ்வரி நினைத்துக்கொண்டாள். பூவைச் செடியிலேயே வாடவிடுவது அவளுக்குப் பாவம். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, ஒன்றுவிடாமல், தண்டோடு ஒடித்துப் பிள்ளையாருக்கு வைத்தாள்.

ஆண்டுதோறும் தழைக்கிற செடிதான். ஆனாலும் மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்து பட்டுப்போகும்; பாத்தியில் இருந்தவை கிழச்செடிகள். பிறகு அதன் விதைதான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.*

(*இது அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். எனக்கும்.)

முதல் விதையைப் போட்டவர் எமிலியின் கணவர். அவர் இப்போது இல்லை.

3.
மகள் கம்சிகாவைக் கதைக்குள் விட எனக்கு விருப்பமில்லை. அவள் நேரே விசயத்துக்கு வருவாள். வந்துவிட்டாள்.

“அம்மா, போய்ச் சொல்லுங்கோ.”

“என்னண்டு சொல்லுறது? சாமிக்கு வைச்சு அழிச்சுப்போட்டன் எண்டோ?”

“ஓம், அதைத்தான்.”

“ஹாகெசென்டர் பூச்செடிக் கடையில வாங்கி நட்டுவிட்டா?”

“அது அந்த மனிசன் விதைச்சது இல்லையே, அம்மா.”



4.
சாமிக்கு வைத்த பூவை அவள் குப்பையில் போடுவதில்லை. கால்படாத இடம் பார்த்து, கட்டடத்தின் பின்னால் பாறையோரம் கொட்டிவந்தாள். இன்று காலை அங்கே ஓடினாள். [அடுத்த வரியை மூன்று தரம் அழித்தேன். கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. ஆனால் நடந்தது.] அவள் பறிக்கத் தொடங்குமுன்பே காய்த்து, பூத்தண்டோடு வந்த முற்றிய காய்கள் அங்கே வெடித்திருந்தன. பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த விதையிலிருந்து ஏழு நாற்றுகள். ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் மண்ணோடு எடுத்து வைத்தாள்.

இந்த வருடம் பூக்காது. பூத்தாலும் பழைய நிறம் வருமென்று நிச்சயமில்லை.

5.
முடிவு ஒன்று: ஒருவருக்கும் தெரியாமல் பாத்தியில் நட்டுவிடுகிறாள். எமிலி கடைசிவரை...

முடிவு இரண்டு: எமிலி சிரித்து, கட்டிப்பிடித்து... இல்லை. அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்சி வந்துவிட்டது. எமிலி ஊன்றுகோலோடு பாத்தியின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கமலேஸ்வரி என்ற பெயரை வெட்டிவிட்டேன். எமிலியின் வாசலில் நிற்கிறேன். என் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் பெட்டி. மணியை நீங்கள் அழுத்துங்கள்.